குனிந்து பத்து எண்ணுகிறவர்

அப்துல் வஹீத் தொழ ஆரம்பித்த முப்பத்தோராவது நாள்தான் ஹலீமா பீக்கு முதல் சந்தேகம் வந்தது.

அன்று விடியற்காலை அவள் தன் தொழுகையை முடித்துவிட்டு வந்து அடுப்பு மூட்டினாள். விறகு பிடித்துக்கொண்டது. பானைத் தண்ணீர் ஓரத்தில் குமிழ் விட ஆரம்பித்தது. நடு அறையில் அவள் புருஷன் இன்னும் குனிந்தே இருந்தார். தொழுகையில் குனிகிற ருகூ என்பது இறைவனை மூன்று தடவை துதித்துவிட்டு நிமிர்கிற நேரம். ஒரு மூச்சு, மிஞ்சினால் இரண்டு மூச்சு. இவரோ முழங்காலில் கையை ஊன்றி, முதுகைப் பலகை மாதிரி நீட்டி, அப்படியே நின்றார். பெரிய பக்திமான்கள் இப்படி நிற்பார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். ஆனால் பக்திமான்கள் நிமிரும்போது 'உஸ்' என்று இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள் என்று யாரும் சொன்னதில்லை.

பதினொரு வருஷக் குடித்தனம். வஹீத் வெள்ளிக்கிழமை மசூதிக்குப் போவார், இரண்டு பெருநாளுக்கும் போவார். மற்ற நாளில் பாங்குச் சத்தம் காதில் விழுந்ததற்கு அவர் முகத்தில் ஒரு அடையாளமும் தெரியாது. கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. பேச்சும் கிடையாது. ஆம்பூரில் பாலாற்றுப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் அவருக்குத் தரம் பிரிக்கிற வேலை. பதனிட்டு உலர்ந்து வந்த ஆட்டுத்தோலை மேஜையில் விரித்து மேல்பக்கம் ஒரு தடவல், திருப்பிப் போட்டு உள்பக்கம் ஒரு தடவல். ஆடு உயிரோடு இருந்தபோது முள் கீறிய இடம், உண்ணி கடித்த இடம், உரித்தவன் கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கிய இடம் எல்லாம் அவர் விரலுக்குத் தெரிந்துவிடும். முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று மூன்று அடுக்காகப் போடுவார். அதற்கும் வாயைத் திறக்கத் தேவையிருக்கவில்லை. வீட்டுக்கு வந்தாலும் அந்த விரல்கள் தலையணை உறையையோ பாயின் ஓரத்தையோ தடவிக்கொண்டே இருக்கும்.

அந்த மௌனத்தைப் பற்றி ஹலீமா நிறைய யோசித்திருக்கிறாள். உள்ளே யாரோ உட்கார்ந்திருக்கிற அறையின் சாத்திய கதவா அது, இல்லை வெறும் அறையா? சாப்பாடு பரிமாறும்போது, துணி மடிக்கும்போது, அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு விடை கிடைக்கவில்லை. 

பிள்ளை இல்லாத வீடு. போன வருஷம் சந்தனக்கூடு அன்று தர்காவில் அவள் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றபோது, பிள்ளைக்குத்தான் கேட்கிறாள் என்று பார்த்தவர்கள் எல்லாரும் நினைத்தார்கள். அவள் கேட்டது வேறு. 'இந்த மனுஷன் நாற்பது நாள் விடாமல் தொழட்டும். பச்சைப் பட்டில் என் கையால் தைத்த போர்வையைக் கொண்டுவந்து இந்தச் சமாதியில் போர்த்துகிறேன்.' ஒரே அறையில் தான் ஒரு திசை பார்த்து நிற்பதும் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதும் அவளுக்கு அலுத்திருந்தது. பிள்ளை ஆசையைத் தள்ளிவிட்டு அது ஏன் முன்னால் வந்து நின்றது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

இப்போது முப்பத்தோரு நாள். போர்வையில் ஜரிகை ஓரம்தான் பாக்கி. நேர்ச்சை விஷயத்தை அவள் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். அந்த ஒருத்தி பக்கத்து வீட்டு சுகரா பேகம் என்பதால் தெருவுக்கே தெரிந்திருந்தது.

"இன்னா ஹலீமா, உங்க வூட்டுக்காரரு பெரிய மகான், அவுலியா ஆய்ட்டாராமே?" என்று சுகரா கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாள். "எங்க ஆளுக்கும் சேத்து ஒரு போர்வை நேர்ந்துக்கோடி. மசூதியில மொத வரிசையில நிக்குது, வாயில இருக்கிற பாக்கத் துப்ப மாட்டேங்குது."

"உங்களுக்குப் போர்வை பத்தாது ஆபா, ஷாமியானாதான் தைக்கணும்."

சிரிப்பு அடங்கியதும் சுகரா கேட்பாள், "ஏன் வூட்டுலயே தொழறாரு? மசூதி தூரமா இன்னா?"

அதுதான் ஹலீமாவுக்கும் புரியவில்லை.

முப்பத்து மூன்றாம் நாள் துணி துவைக்கும்போது அவர் சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று அகப்பட்டது. பென்சிலால் நான்கு குச்சி மனிதர்களை யாரோ வரைந்திருந்தார்கள். முதல் ஆள் நின்றான். இரண்டாவது ஆள் ருகூவில் குனிந்திருந்தான். மூன்றாவது ஆள் நெற்றியைத் தரையில் வைத்திருந்தான். ஓதுகிற பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுக்கொடுக்கிற படம் என்றே அவள் நினைத்தாள், நான்காவது ஆளைப் பார்க்கும் வரைக்கும். அவன் மல்லாந்து படுத்து ஒரு காலை மேலே தூக்கிக்கொண்டிருந்தான். குச்சி மனிதர்களுக்குக் கீழே தமிழில் ஏதோ எழுதியிருந்தது. அவள் குர்ஆன் ஓதப் படித்தவள். தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் சந்தைக்குப் போகிற யாருக்கும் 10 தெரியும். நான்கு பேருக்கு அடியிலும் 10 இருந்தது.

ஈரக் கையோடு சுகராவிடம் போய்க் காட்டினாள். சுகரா காகிதத்தை நேராகப் பார்த்தாள், தலைகீழாகவும் பார்த்தாள்.

"அரே அல்லா! காலத் தூக்கிக்கினா? இது எந்தத் தொழுகைடி?"

"அதான் உங்களக் கேக்கறேன்."

"மதராஸ்ல புதுக் கட்சி ஏதாவது பொறப்பட்டிருக்கும். இப்பல்லாம் வாரத்துக்கு ஒரு கட்சி. உன் ஆளு வாயத் தொறக்காம அதுல சேந்துட்டாரு போல." குரலைத் தாழ்த்தினாள். "இது தெரிஞ்சா போர்வைய ஏத்துப்பாங்களா?"

மறுநாள் அந்தி மஃரிபு தொழுகைக்கு ஹலீமா சமையல்கட்டுத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஒளிந்து பார்ப்பது தப்பு என்று தெரியும், கால் நகரவில்லை. வஹீத் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து கை கட்டி நின்றார். உதடு அசைந்தது. குனிந்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தாள். மெதுவாக, ரொம்பக் கவனமாக, அவர் குரல் கேட்டது.

"...ஏழு. எட்டு. ஒம்போது. பத்து."

நெற்றியைத் தரையில் வைத்தபோதும் அதேதான். ஒன்றிலிருந்து பத்து. தொழுகை முடிந்து இரண்டு பக்கமும் சலாம் கொடுத்தார், வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார், மல்லாந்து படுத்தார். வலது கால் மேலே போயிற்று.

ஹலீமா திரையை விட்டுவிட்டு அடுப்புக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். சிரிப்பு வரும் என்று நினைத்தாள், வரவில்லை. எந்தச் செயலுக்கும் அதை எந்த எண்ணத்தில் செய்கிறோம் என்பதுதான் கணக்கு. ஓதுகிற பள்ளியில் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தது. இவர் எண்ணம் இடுப்பில் இருந்தால், இந்த முப்பத்து நான்கு நாளும் தொழுகைதானா? இல்லையென்றால் போர்வையை எதற்கு நன்றி என்று கொண்டுபோய்ப் போர்த்துவது? போர்த்தினால் ஆண்டவனுக்கு முன்னால் பொய். போர்த்தாவிட்டால் தெருவுக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டும். இரண்டையும்விட வேறொன்று அவளை உறுத்தியது. இத்தனை நாளும் தன் பக்கத்தில் ஒருவர் நிற்பதாக அவள் நம்பியிருந்தாள். அவர் அங்கே நின்றாரா?

நேராகக் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. இரண்டு நாள் கழித்து, சோற்றைப் போட்டுவிட்டு, பக்கத்துச் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"இடுப்பு வலிக்குதா?"

"கொஞ்சம்."

"எத்தினி நாளா?"

"ரெண்டு மாசம்."

"சொல்லவே இல்லியே."

அவர் தட்டின் விளிம்பைத் தடவினார். குழம்பு ஆறி ஆடை கட்டியது.

"மேஜை உயரம் கம்மி," என்றார். அப்புறம், "குனிய முடியலன்னா வேற ஆளு வெச்சுக்குவாங்க. மேஸ்திரி சொல்ட்டான்." அவரைப் பொறுத்தவரை அது ஒரு நீண்ட பேச்சு. முடித்துவிட்டார் என்று அவள் எழுந்தபோது, "நாளான்னைக்கு டாக்டர்கிட்ட போவணும்," என்றார்.

"நானும் வர்றேன்."

தோலில் புதிதாக ஒரு கீறலைக் கண்ட மாதிரி அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஏன்?"

"எனக்கு முழங்கால் வலி."

பொய். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

டாக்டர் பஞ்சாட்சரம் பஜார் தெருவில் மாடிவீட்டின் கீழ்க்கட்டில் வைத்தியம் பார்த்தார். குள்ளமான மனிதர், நெற்றியில் மூன்று கோடு விபூதி, சட்டைக்குள் புடைத்த மார்பு. தினம் காலையில் மொட்டைமாடியில் நூற்றெட்டு சூரிய நமஸ்காரம் செய்கிறவர் என்று ஊருக்கே தெரியும், ஏனென்றால் வருகிற நோயாளி எல்லாரிடமும் அவரே சொல்வார். சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் கர்லாக்கட்டை சுற்றும் பயில்வான் படம் மாட்டியிருந்தது. இரண்டுக்கும் ஒரே அளவு பூ வைத்திருந்தார்.

ஹலீமா வெள்ளைத் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு துணித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"வாங்க பாய். குனியுங்க பாக்கலாம்... பலே! வெரல் தரையத் தொடுது. போன மாசம் முழங்காலுக்கே எட்டல." டாக்டர் தடுப்பைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "அம்மா, நீங்களும் கேட்டுக்கங்க. அன்னிக்கு இவரு கோணிக்கினு வந்து நின்னாரு. பாய், அஞ்சு வேளை குனிஞ்சு நிமிர்றவங்களுக்கு இந்த வலி வரக்கூடாதே, நீங்க தொழறீங்க இல்லன்னு கேட்டேன். 'தொழறேன்'ன்னாரு. அப்ப அவசரப்படறீங்க பாய், குனியற எடத்துல நின்னு பத்து எண்ணுங்க, தனியா தேகப்பயிற்சி எதுக்குன்னேன். படம் வேற போட்டுக் குடுத்தேன். காலத் தூக்கறது மட்டும் நான் சேத்தது. அதுக்கு உங்க மசூதி ஹஜ்ரத் என்னைக் கோவிச்சுக்கக் கூடாது."

தடுப்பின் இடைவெளியில் ஹலீமா புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன மாசம் இந்த டாக்டரைப் பார்த்த அன்று அவர் தொழுகிறவராக இல்லை. மறுநாள் விடியலில்தான் முதல் முதலாகப் பாயை விரித்தார்.

"போதும் பாய். இனிமே எண்ண வேணாம். வழக்கப்படி தொழுங்க. மேஜைக் கால் நாலுக்கும் அடியில செங்கல் வெச்சு ஒசத்துங்க, அதான் நெஜமான மருந்து. அம்மாவுக்கு இன்னா ஒடம்புக்கு?"

"முழங்கால்... இப்ப சரியாப் போச்சுங்க."

"பாத்தீங்களா பாய், என் எதிர்ல ஒக்காந்தாலே வலி ஓடுது!"

திரும்பி நடக்கும்போது அவர் நான்கு அடி முன்னால் போனார். ரயில்வே கேட் சாத்தியிருந்தது, நின்றார்கள். தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. கூட்ஸ் வண்டி ஒன்று அவசரமே இல்லாமல் போனது. அதன் சத்தம் மறைவாக இருந்ததால் அவளுக்குத் தைரியம் வந்தது.

"டாக்டர்கிட்ட பொய் சொன்னீங்களா?"

வண்டி முழுக்கப் போய் முடிந்தது.

"ம்."

"ஏன்?"

"அந்தாளு காலையில எழுந்து அவரு சாமிய நூத்தெட்டு வாட்டி கும்பிட்டுட்டு வந்து ஒக்காந்திருக்காரு. அவரு மூஞ்சியப் பாத்து, இல்ல, நான் தொழறதில்லன்னு எப்டி சொல்றது?" கேட் திறந்தது. அவர் நகரவில்லை. "சொல்ட்டேன். அப்புறம் அது பொய்யாவே இருக்கக் கூடாதுன்னு..."

பின்னால் வந்த வண்டிக்காரன், "பாய், வழிய வுடறது!" என்று கத்தினான்.

வீட்டுக்கு வந்தபோது மாலைத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். ஹலீமா உள் அறையில் தன் பாயை விரித்தாள், ஆனால் தொழ ஆரம்பிக்கவில்லை. இனி முதுகுக்காகக் குனிய வேண்டியதில்லை. சொன்ன பொய்யும் முப்பத்தெட்டு நாளில் அடைபட்டுப் போயிற்று. இப்போது இந்த மனுஷன் எழுந்து வந்தால் எதற்காக வருகிறார் என்று தெரிந்துவிடும். வந்தால் நாற்பது முடிகிற வியாழக்கிழமை போர்வை போகும். வராவிட்டால் ஜரிகையைப் பிரித்துவிட வேண்டியதுதான். சுகரா கேட்டால் கேட்கட்டும்.

அவர் கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெயில் சுவரில் பாதியில் இருந்தது, கால் பங்குக்கு இறங்கியது. காக்கை ஒன்று தொட்டி விளிம்பில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனது. அவர் அதைக்கூட விரட்டவில்லை. எழுந்து போய்க் கையைப் பிடித்து இழுத்து வரலாம். இழுத்து வந்தால் அது யாருடைய தொழுகை?

வெகுநேரத்துக்குப் பிறகு தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கை, வாய், முகம், கால். வந்து பாயில் நின்றார். கையை உயர்த்தவில்லை. கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்க, வேலைக்கு வந்து சாவியைத் தொலைத்தவர் மாதிரி நின்றார்.

"இன்னாங்க?"

"எண்ண வேணாம்னுட்டாரு."

"ஆமா. அதான் சரியாப் போச்சே."

"அப்ப அந்த எடத்துல இன்னா சொல்றது?"

அவளுக்கு உடனே புரியவில்லை. அவர் முகம் நன்றாகச் சிவந்திருந்தது. தாடியில் நரை வந்த பிறகு அப்படிச் சிவந்து அவள் பார்த்ததில்லை.

"நிக்கும்போது ஓதறது தெரியும்," என்றார் பாயைப் பார்த்துக்கொண்டு. "குனிஞ்சா... தலைய வெச்சா... அங்கதான் ஒண்ணும் இல்ல. ஒம்போது வயசுல தோல் ஊறவெக்கிற சுண்ணாம்புக் குழிக்கு வேலைக்கு அனுப்பிட்டாங்க. ஓதற பள்ளிக்குப் போனது ரெண்டு வருசம். மறந்துபோச்சு. வெள்ளிக்கெழமை எல்லாரும் குனிஞ்சா குனிவேன். வாயி சும்மா இருக்கும். யாரப் போயி கேக்கறது?"

அப்படியென்றால் மசூதிக்குப் போகாமல் வீட்டில் தொழுதது அதனால். இத்தனை வருஷம் தொழாமலே இருந்ததும் அதனால்தானோ என்னவோ. முப்பது வருஷமாகக் குனிந்த இடத்தில் காலியாக நின்ற மனுஷன். அந்தக் காலியில் வைப்பதற்கு அவருக்கு முதல் முதலாகக் கிடைத்தவை ஒரு விபூதிக்காரர் கொடுத்த பத்து எண்கள். அதனால்தான் அத்தனை கவனமாக, ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருக்கிறார்.

ஹலீமா துப்பட்டியின் ஓரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சுப்ஹான ரப்பியல் அளீம்," என்றாள். "குனியும்போது இது."

அவர் சொல்லிப் பார்த்தார். தோலின் உள்பக்கத்தைத் தடவுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தையும் நாக்கால் தடவினார். தலையை வைக்கும்போது சொல்லவேண்டியதையும் கேட்டுக்கொண்டார்.

"எத்தினி வாட்டி?"

"மூணு."

"மூணு போதாது. முதுகு பத்துக்குப் பழகிப்போச்சு."

"பத்து ஆவாது. ஒத்தப்படையா இருக்கணும். ஒம்போது சொல்லுங்க."

அவர் யோசித்தார். "பதினொண்ணு?"

"டாக்டருக்குத் தெரிஞ்சா முருகன் பக்கத்துல உங்க படத்த மாட்டிடுவாரு."

அவர் சிரித்தாரா என்று சொல்ல முடியாது. மீசை கொஞ்சம் அசைந்தது. கையை உயர்த்தினார்.

உள் அறையில் ஹலீமாவும் நின்றாள். அவர் குனிந்தது தெரிந்தது. குரல் தாழ்வாக வந்தது. நான்கு வரைக்கும் அவளும் எண்ணினாள். அப்புறம் தான் குனியும் இடத்தில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பார்த்தாள். ஏழு வயதிலிருந்து மூன்று தடவை. வெங்காயம் அரிகிற வேகம். பாதி நாள் மனசு அடுப்பில் இருக்கும். முப்பது வருஷத்தில் அந்தச் சொல் தன் காதில் விழுந்திருக்கிறதா என்று அவளுக்கு நிச்சயமில்லை. தன் முறை வந்தபோது மெதுவாகக் குனிந்தாள். மூன்றோடு நிறுத்தாமல் ஐந்துக்குப் போனாள், ஏழுக்குப் போனாள். ஏழாவதில் முழங்காலுக்குப் பின்னால் ஒரு நரம்பு சுரீரென்று இழுத்தது. டாக்டர் வீட்டுத் தடுப்புக்குப் பின்னால் இல்லை என்று சொல்லிவிட்டு வந்த வலி வீடு தேடி வந்துவிட்டது.

மறுநாள் கொல்லைச் சுவருக்கு மேல் சுகராவின் தலை தெரிந்தது.

"நாளைக்கு வெயாழக்கெழமை. நாப்பதும் ஆவுது. எத்தினி மணிக்குப் பொறப்படறோம்? தர்காவுல ஓதறதுக்கு நான் சக்கரை வாங்கி வெச்சுட்டேன்."

"நாப்பது ஆவல ஆபா."

"ஏன்டி, முப்பத்தெட்டுன்னு நேத்து நீதான சொன்னே?"

"இன்னிக்கு ரெண்டு."

சுகரா விரலை மடக்கி ஒரு தடவை எண்ணினாள், மறுபடி எண்ணினாள். "வுட்டுட்டாரா?"

"வுடல."

"அப்புறம்?"

"சொல்றேன். இன்னும் முப்பத்தெட்டு நாள் இருக்குது இல்ல, சொல்றேன்." சொல்ல மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். சுகரா பேஜாராகி, சர்க்கரையை எறும்பு மொய்க்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

சாயங்காலம் வஹீத் வேலையிலிருந்து வந்தார். மேஜைக்குச் செங்கல் வைத்தாகிவிட்டது என்றார், கேட்காமலே. ஹலீமா பச்சைப் பட்டைப் பெட்டியில் வைப்பதற்காக மடித்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நேர்ச்சை பற்றி அவள் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. தெருவுக்கே தெரிந்தது அவருக்கும் தெரியாமலா இருக்கும்?

"நாள் கணக்கு மறுபடி மொதல்லேர்ந்தா?" என்றார்.

"ம்."

மௌனம். அவள் அதற்குள் எட்டிப் பார்க்க முயற்சி செய்யவில்லை. அது பாட்டுக்கு இருந்தது.

"அந்த முப்பத்தெட்டு," என்றார் கடைசியில். "அத எந்த அடுக்குல போடறது?"

முதல் தரமா, இரண்டாம் தரமா, கழிவா. ஹலீமா பட்டை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் அவர் எண்ணிய குரல் ஞாபகம் வந்தது. தன்னுடைய முப்பது வருஷத்தை எந்த அடுக்கில் போடுவது என்பதும் கூடவே வந்தது.

"எனக்குத் தெரியலீங்க. தரம் பிரிக்கிறவரு நீங்கதான?"

"நான் இல்ல," என்றார் அவர்.

அவள் மடியிலிருந்த பட்டின் ஓரத்தை எடுத்து, வழக்கம்போல மேல்பக்கம் ஒரு தடவல், திருப்பிப் போட்டு உள்பக்கம் ஒரு தடவல் தடவினார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"இங்க ஒரு தையல் வுட்டுப்போச்சு."

அவள் குனிந்து பார்த்தாள். கண்ணுக்குத் தெரியவில்லை. விரலை வைத்துப் பார்த்தாள், இருந்தது.

"பிரிச்சுத் தெக்கலாம்," என்றாள். "நாள் இருக்குது."